பதினேழாவது நட்சத்திரம்

நடந்தவை, வரிசையாக:

1. ஆடி மாதம் கண் டாக்டர் அம்மாவின் இடது கண்ணைப் பார்த்துவிட்டு, புரை முற்றிக்கொண்டு வருகிறது, இன்னும் தள்ளினால் ஆபரேஷன் சிக்கலாகும் என்றார்.
2. ஆடியில் வேண்டாம் என்றாள் அம்மா.
3. ஆவணி முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை தேதி கிடைத்தது.
4. அம்மா தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். அந்தப் புதன்கிழமைத் தாளில், சந்திராஷ்டமம் ரோகிணிக்கு என்று போட்டிருந்தது. அம்மாவின் நட்சத்திரம் ரோகிணி. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மறுநாள் வியாழனுக்கு மாற்றிக்கொண்டாள். டாக்டர் அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ஊரில் இருக்கமாட்டார், இனிமேல் மாற்ற முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.
5. அந்தக் காலண்டரில் சந்திராஷ்டம வரியைப் போட்டது நான் எழுதிய கணினி நிரல்.
6. செவ்வாய்க்கிழமை மதியம், ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்த வரியை விரல்விட்டு விளக்கும்போது, அது தவறு என்று கண்டுபிடித்தேன்.
7. சரியான கணக்கில் ரோகிணிக்குச் சந்திராஷ்டமம் வியாழக்கிழமை.

இதில் ஏழாவதுதான் சிக்கல். அம்மா கெட்ட நாள் என்று நினைத்து நல்ல நாளை விட்டுவிட்டு, நல்ல நாள் என்று நினைத்துக் கெட்ட நாளுக்குப் போகவிருந்தாள். காரணம் நான்.

நான் படித்தது கணினி. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். அம்மா நடந்துபோகும் தூரத்தில் கலெக்டர் ஆபீஸில், பதிவறையில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பழைய கோப்புகளைப் படிக்கிற வேலை. அந்த வேலைக்குக் கண்தான் எல்லாம். சில மாதங்களாகச் சர்வே எண்களைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தேரடித் தெருவுக்குப் பின்னால் சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். பத்திரிகை, பில் புக், கடைகள் இலவசமாகக் கொடுக்கும் காலண்டர். பல வருடம் தினசரித் தாள்கட்டைச் சிவகாசியிலிருந்து வாங்கி, மேலே கடைப்பெயர் அட்டையை மட்டும் அச்சடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். போன வருடம்தான் தாளையும் சொந்தமாகப் போடுவோம் என்று ஆரம்பித்தார். பௌர்ணமித் தாள்களில் கிரிவலத்துக்கு உகந்த நேரத்தைப் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. திதி, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் அவருடைய ஜோசியர் எழுதிக் கொடுத்தார். சந்திராஷ்டம வரி மட்டும் அதில் இல்லை. "அது சும்மா எண்றதுதானே பாப்பா, உன் கம்ப்யூட்டர் போடட்டும்" என்றார் மாமா.

சும்மா எண்ணுவதுதான். பிறந்த நட்சத்திரத்திலிருந்து பதினேழாவது நட்சத்திரம் எந்த நாளில் வருகிறதோ, அந்த நாள் அந்த நட்சத்திரக்காரர்களுக்குச் சந்திராஷ்டமம். புதிய காரியம் தொடங்கமாட்டார்கள், வெளியூர் போகமாட்டார்கள், கத்தி வைக்கும் எதற்கும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை எல்லாருக்கும் வரும்.

ஜெர்மன்காரி ஆடிக் கடைசியில் அச்சகத்துக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். ரமணாசிரமம் பக்கம் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தாள். அந்த வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் அடியில் அச்சக விலாசத்தைப் பார்த்து வந்ததாகச் சொன்னாள். தமிழை அவள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறாள். அதனால் எழுதுவதுபோலவே பேசினாள்.

"வணக்கம். நாட்காட்டியை அச்சிடுபவர் தாங்கள்தானா?"

மாமா எழுந்து நின்றுவிட்டார். பிறகு என்னிடம், "தாங்கள்னு என்ன யாரும் கூப்டதே இல்ல. உங்க அத்த கேட்டா ஒரு வாரம் சிரிப்பா" என்றார்.

அவளுடைய ஆராய்ச்சி, முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மானியக் காலண்டர்கள். அவற்றிலும் எதை எந்த நாளில் செய்யலாம் என்று போட்டிருப்பார்களாம். முடிவெட்ட, விதைக்க, பால்குடி மறக்கடிக்க, எல்லாவற்றையும்விட முக்கியமாக, ரத்தம் எடுக்க. உடம்பு சரியில்லை என்றால் நரம்பில் கீறி ரத்தம் விடுவது அன்றைய வைத்தியம். தன் போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு ஆள் நிர்வாணமாக, கையைக் காலை விரித்து நிற்கிறான். அவனைச் சுற்றி ஆடு, மாடு, நண்டு, மீன். ஒவ்வொன்றிலிருந்தும் உடம்பின் ஒரு பகுதிக்குக் கோடு.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தல மேஷம். கழுத்து ரிஷபம்" என்று ஆரம்பித்து, பாதம் மீனம் வரை ஒன்றும் தவறாமல் படித்துவிட்டார். ஜெர்மன் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

"நிலவு எந்த ராசியில் உள்ளதோ, அந்த உறுப்பைத் தொடக்கூடாது" என்றாள் அவள். மாமா படிப்பதை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தாள். அடுத்த வருடத் தாளுக்கான வேலை தொடங்கியிருந்ததால் நானும் அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதிலாக அவள் ஊர்க் கதை ஒன்றை வாங்கிக்கொள்வேன். போப் திருத்திய காலண்டர் என்பதால், கணக்கு சரி என்று தெரிந்தும் புராட்டஸ்டண்ட் ஊர்கள் நூறு வருடத்துக்கு மேல் அதை ஏற்காமல் இருந்த கதை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் பத்து நாள் தள்ளி இன்னொரு தேதி.

"நமக்கு வாக்கியம், திருக்கணிதம்னு ரெண்டு பஞ்சாங்கம் இருக்கற மாதிரி" என்றார் மாமா. "எங்களுக்கு அவ்ளோ ஜாஸ்தி வித்தியாசம் வராது. நாங்க கொஞ்சம் பரவால்ல."

நான் அதிகம் யோசித்தது பெர்லின் கதையை. அங்கே அரசரின் ஆதரவில் ஓர் அறிஞர் சபை இருந்தது. நாடு முழுக்கக் காலண்டர் விற்கும் உரிமை அந்தச் சபைக்கு மட்டும்தான். வானியல் தெரிந்தவர்கள், தத்துவம் எழுதியவர்கள், பகுத்தறிவின் காலம் இது என்று நம்பியவர்கள். அவர்களே வருடாவருடம் ரத்தம் எடுக்க நல்ல நாள் என்று அச்சடித்து விற்பது அவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. ஒரு வருடம் துணிந்து அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மக்கள் அந்தக் காலண்டரை வாங்க மறுத்தார்கள். சபை பின்வாங்கி, பழையதையெல்லாம் திரும்பப் போட்டது.

"பாதிரியார்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"பலர் இந்தக் குறிகளுக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார்கள். கடவுள் நாட்களைச் சமமாகப் படைத்தார் என்பார்கள். ஆனால் நான் பார்த்த ஒரு கிராமப் பாதிரியாரின் காலண்டரில், அவர் ரத்தம் எடுத்த நாட்களைக் குறித்துவைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் காலண்டர் நல்லது என்று சொன்ன நாள்."

"மனுஷன்" என்றார் மாமா.

எனக்குச் சந்திராஷ்டமத்தில் நம்பிக்கை இல்லை. வரியை எடுத்துவிடலாம் என்று போன வருடம் நான்கூட மாமாவிடம் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்து, ஜோசியர் எழுதிய தாள்களை என் பக்கம் தள்ளினார். அப்புறம் நிரலை எழுதினேன். வரி இருந்துதான் ஆகும் என்றால் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் என் கொள்கை. இருந்தும் அது சரியாக இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. பதினேழாவது என்றால் எங்கிருந்து எண்ணுவது, பிறந்த நட்சத்திரத்தையும் சேர்த்தா, அதற்கு அடுத்ததிலிருந்தா? சேர்த்துத்தான் என்றேன். அவளுக்கு அது புரிந்தது. அவர்கள் பேச்சிலும் ஒரு வாரத்தை எட்டு நாள் என்பார்களாம், இன்றையும் சேர்த்து. எடுத்துக்காட்டுக்கு அம்மாவின் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டேன். கட்டை விரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து எண்ணினேன். ரோகிணி ஒன்று, மிருகசீரிஷம் இரண்டு, திருவாதிரை மூன்று. பதினாறில் மூலம் வந்தது. பதினேழில் பூராடம்.

"மூலம் நாளைக்கு" என்றாள் அவள், காலண்டரைப் பார்த்து. "ஆனால் ரோகிணி என்று நாளைய தாளிலேயே போட்டிருக்கிறதே?"

திரும்ப எண்ணினேன். பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். பதினேழில் முதலாவதும் சேர்ந்தது என்பதால் ஒன்றைக் கழிக்கவேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி, ஒன்றைக் கழித்திருந்தேன். அதற்குக் கீழே, கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதால் ஒன்றைக் கழிக்கவேண்டும் என்று இன்னொரு குறிப்பு எழுதி, இன்னொரு ஒன்றையும் கழித்திருந்தேன். முதல் கழித்தலே போதும். ஒரே தப்பைத் தவிர்க்க இரண்டுமுறை ஜாக்கிரதையாக இருந்திருக்கிறேன். விளைவு, வருடத்தின் எல்லாத் தாளிலும் அந்த ஒரு வரி, எல்லா நட்சத்திரத்துக்கும், ஒருநாள் முன்னால்.

மாமாவிடம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியதும், "ஜனவரிலேர்ந்தா?" என்றார்.

"ஜனவரிலேர்ந்து."

"ஒருத்தரும் கேக்கலியே."

அதுதான் எனக்கும் வியப்பாக இருந்தது. பால்கடை, மருந்துக்கடை, நகைக்கடை, லாட்ஜ் என்று ஊர் முழுக்க மாட்டியிருக்கிறது. தினமும் காலையில் தாளைக் கிழித்துவிட்டுப் பார்க்கிறார்கள். வேறு காலண்டரும் எத்தனையோ வீட்டில் இருக்கும். எட்டு மாதத்தில் ஒருவர்கூட ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பெர்லினில் எடுத்தபோது எல்லாருக்கும் தெரிந்தது. இங்கே தவறாக இருந்தபோது யாருக்கும் தெரியவில்லை. இதை அவளிடம் சொன்னேன். அவள் உடனே நோட்டை எடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள்.

"உங்கள் அம்மாவின் சிகிச்சை வியாழன் அல்லவா?"

"ஆமாம்."

மாமாதான் முதலில் முடிவுக்கு வந்தார். "சொல்லாத. வியாழக்கெழம முடியட்டும். வெள்ளிக்கெழம சொல்லிக்கலாம். அக்காவ பத்தி உனக்குத் தெரியாதா? சொன்னா வரமாட்டா. இன்னும் ஒன்றர மாசம் ஆவும். கண்ணு போயிடும்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நான் ஜெர்மன்காரியைப் பார்த்தேன்.

"எங்கள் ஊரில் இதற்கு ஒரு போட்டியே வைத்தார்கள்" என்றாள் அவள். "அதே சபை, காலண்டர் தோற்ற அதே காலத்தில். அரசரின் விருப்பத்தால். மக்களை ஏமாற்றுவது அவர்களுக்கு நன்மை தருமா என்று கேள்வி. யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம்."

"யாருக்குப் பரிசு?"

"இருவருக்கு. நன்மை தரும் என்று எழுதிய ஒருவருக்குப் பாதி. தராது என்று எழுதிய ஒருவருக்குப் பாதி."

"அவ்வளவு படித்தவர்கள் சேர்ந்து அதுதான் முடிவா?"

"அதுதான்."

"பரவால்ல, பெரிய எடத்துலயும் நம்மள மாதிரிதான்" என்றார் மாமா. மெஷினை ஓட்டச் சொன்னார்.

பஸ்ஸில் வேங்கிக்கால் வரும்வரை போனில் இரண்டு பத்தியாக எழுதினேன். சொல்லாமல் இருப்பதற்கு: கண், டாக்டர் இல்லாத ஒன்றரை மாதம், மாமா, அம்மாவின் மனநிம்மதி, என் மானம். சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் எழுத வந்தது. அம்மா தேதியை மாற்றியது என் வரியை நம்பி. நீளமான பத்தியில் கடைசியில் இருந்த என் மானத்தை அடித்துவிட்டேன். மற்ற நான்கும் நின்றன. கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கும்போதும் முடிவு இல்லை.

அம்மா சமையலறை மேடையில், கிழித்த காலண்டர் தாளின் முதுகில் மளிகைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். இடது கண்ணைச் சுருக்கி, தாளை முகத்துக்கு மிக அருகில் வைத்திருந்தாள். அந்தத் தாளைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். எந்தத் தீர்மானத்திலும் சொல்லவில்லை. பட்டியல் எழுதுகிற தாள் என்னுடையது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"அம்மா, காலண்டர்ல சந்திராஷ்டமம் தப்பா போட்டுட்டேன். வருஷம் பூரா ஒருநாள் முன்னாடி இருக்குது. உனக்கு நாளைக்கு இல்ல. வியாழக்கெழம."

அம்மா பேனாவை வைத்தாள். சண்டை போடவில்லை. கட்டைவிரலை எடுத்துக் கணுக்களில் வைத்து, ரோகிணியிலிருந்து உதடு அசையாமல் எண்ணினாள். பூராடத்தில் நின்றாள்.

"இது எப்ப தெரிஞ்சுது?"

"மதியம்."

"உங்க மாமா சொல்லாதன்னு சொல்லியிருப்பானே."

"சொன்னாரு."

"சொல்லுவான். எட்டு மாசமா ஊரு பூரா தப்ப மாட்டி வெச்சிட்டு, அக்காவுக்கு மட்டும் மறைக்கச் சொல்லுவான்." பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, "உங்க பெரியம்மா வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான் போவல. ஞாபகம் இருக்கா? அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள்.

ஞாபகம் இருந்தது. பெரியம்மா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

பிறகு அம்மா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து கிழித்த தாள்களின் கட்டை எடுத்துவந்தாள். ஜனவரியிலிருந்து எல்லாம் சேர்த்துவைத்திருந்தாள், பட்டியல் எழுத. "உண்மையான நாளுங்க எதுன்னு சொல்லு. அன்னிக்கு நான் இன்னா பண்ணேன்னு பாக்கலாம்."

பூராடம் வந்த நாட்களைப் பொறுக்கி எடுத்தேன். எட்டுத் தாள். ஒன்றின் முதுகில் மளிகை, ஒன்றில் ஆபீஸ் கோப்பு எண்கள், ஒன்றில் யாருடைய போன் நம்பரோ. தேதியை வைத்து அம்மா நினைவுபடுத்தினாள். ஒருநாள் ஒரு முக்கியமான கோப்பு காணாமல்போய் மாலைவரை தேடியிருக்கிறாள். ஒருநாள் ஸ்கூட்டி பஞ்சர். ஒருநாள் அவளுடைய பதவி உயர்வு ஆணை வந்திருக்கிறது, அன்று லட்டு வாங்கிக்கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தாள். மற்ற ஐந்து நாளும் என்ன நடந்தது என்றே நினைவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். ஜெர்மன்காரி இருந்திருந்தால் அவளும் போட்டிருப்பாள்.

"கலந்துதான் இருக்குது" என்றாள் அம்மா, அட்டவணையைக் கண்ணருகே வைத்து.

"அப்படின்னா போலாமா?"

"தெரியாம போயிருந்தா போயிருப்பேன். தெரிஞ்சுகினு போறதுன்னா ஒண்ணு செய்யணும்."

அவள் செய்தது பரஸ்தானம். ஆகாத நாளில் கிளம்பியே தீரவேண்டும் என்றால், அதற்கு முன்பே நல்ல நாளில் பயணப் பையை வழியில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை போய்விட்டால் பயணம் அன்றே தொடங்கிவிட்டது என்று கணக்கு. புதன்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, ஒரு புடவை, துண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் பஸ்ஸில் கொண்டுபோய் மாமாவின் அச்சகத்தில் மேஜைமேல் வைத்தேன்.

மாமா பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வர்றாளா?"

"இன்னிக்கே கெளம்பிட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. நல்ல நாள்ல கெளம்பிட்டாங்க. நாளைக்கு வந்து சேருவாங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் பையை எடுத்து, மை படாத இடமாகப் பார்த்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை ஆட்டோ அச்சக வாசலில் நின்றது. அம்மா இறங்கவில்லை. மாமா பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். அம்மா அவரிடம், "கடைக்கெல்லாம் ஒரு திருத்தம் அச்சடிச்சுக் குடு. நான் திரும்பி வர்றதுக்குள்ள" என்று மட்டும் சொன்னாள். ஆட்டோ செங்கம் சாலையில் திரும்பியது.

ஆபரேஷன் முடிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அம்மாவை வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தபோது ஜெர்மன்காரி பிளாஸ்கில் காபியோடு வந்திருந்தாள். இடது கண்ணில் பிளாஸ்திரியோடு அம்மா அவளை ஒரு கண்ணால் அளந்தாள்.

"உங்க ஊரு படத்துல ஒரு ஆளு நிக்கறானாமே. அவன் கணக்குல இன்னிக்கு எங்க கை வெக்கக்கூடாது?"

அவள் போனைப் பார்த்தாள். "நிலவு தனுசு ராசியில். தொடையில் கத்தி வைக்கக்கூடாது. கண்ணுக்குத் தடை இல்லை."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர்கள் ராசி தொடங்கும் இடத்துக்கும் நம்முடையதற்கும் ஏறக்குறைய இருபத்துநான்கு பாகை வித்தியாசம். அவர்கள் கணக்கில் நிலவு இப்போது அடுத்த ராசிக்குப் போயிருக்கும் என்றேன். "தொடை இல்லை. முழங்கால்."

"முட்டி ஆபரேஷனுக்கு வர்றப்ப சொல்லு, தள்ளிப்போடலாம்" என்றாள் அம்மா. பிறகு பிளாஸ்க் மூடியை வாங்கிக் காபி குடித்தாள்.

ஜெர்மன்காரி பௌர்ணமிக் கிரிவலம் முடித்துவிட்டு ஊருக்குப் போனாள். எங்கள் தவறை அவள் எழுதலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டாள். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. பரஸ்தானத்தைப் பற்றி அவள் கேட்ட கேள்விகளுக்கு அம்மா மாடியறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதில் சொன்னாள்.

இன்றைய நிலை இது. இடது கண்ணால் அம்மா சர்வே எண்களைத் தானே படிக்கிறாள். வலது கண்ணுக்குத் தீபத் திருவிழாக் கூட்டம் முடிந்தபிறகு தேதி கேட்கவேண்டும், இன்னும் கேட்கவில்லை. நிரலில் இரண்டாவது கழித்தலை எடுத்துவிட்டேன். அடுத்த வருடத் தாளின் சந்திராஷ்டம வரியை நான் கணினியிலும் அம்மா விரலிலும் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டோம். இந்த வருடத்துக்கான திருத்தச் சீட்டை மாமா எல்லாக் கடைக்கும் கொடுத்திருக்கிறார். எங்கள் தெருப் பால்கடைக்காரர் அதைக் காலண்டர் மாட்டிய ஆணியிலேயே குத்திவைத்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.